செட்டிநாட்டுச் செம்மண்ணில் புல்தரை: வாசகர் கேள்வி–பதில்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து புல்தரை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கீழே வரும் அளவுகள் எல்லாம் ஒரு சென்ட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 435 சதுர அடிக்கு.

கேள்வி: ஊர் வீடு கானாடுகாத்தானில். நாங்கள் இருப்பது சென்னையில். வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் வீடு திறக்கிறோம். முகப்புக்கு முன்னால் 3 சென்ட் காலியாகக் கிடக்கிறது. காவல்காரர் ஒருவர் இருக்கிறார். புல் போடலாமா? எந்தப் புல்?
– வாசகி, சென்னை

போடலாம். அருகம்புல்லைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நர்சரியில் ‘பெர்முடா’ என்று விற்பது அதன் பொடி இலை வகை. ‘அருகு போல் வேரூன்றி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அதற்குக் காரணம் உண்டு. மேலே ஓடுகிற கொடி போதாதென்று மண்ணுக்குள்ளும் தண்டு விட்டு ஓடுகிற புல் அது. சித்திரை வெயிலில் இலை கருகி வைக்கோல் நிறமானாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டு சாகாது. மழை விழுந்த பத்துப் பதினைந்து நாளில் தளிர்க்கும்.

‘மெக்சிகன்’, ‘கொரியன்’ என்ற பெயரில் வருபவை வேறு இனம். பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் மெதுவாகப் படரும், மேடும் பள்ளமுமாகத் திரளும், நடுவில் காய்ந்தால் அந்த இடம் மூடப் பல மாதம் ஆகும். கேரளப் பக்கம் போடுகிற அகல இலை எருமைப்புல்லுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். பூட்டிய வீட்டுக்கு இரண்டும் ஒத்துவராது.

நடவை ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் நட்டால் அடைமழை மண்ணோடு கரணைகளையும் அடித்துக்கொண்டு போகும். முக்கால் அடிக்குக் கொத்தி, கல்லும் கோரைக்கிழங்கும் பொறுக்கி, நன்கு மட்கிய தொழு உரம் கலந்து, தண்ணீர் விட்டு இரண்டு வாரம் சும்மா விடுங்கள். முளைக்கிற களையைப் பிடுங்கிவிட்டு இன்னொரு முறை அதே மாதிரி செய்யுங்கள். இந்த ஒரு மாதத்தைச் சோம்பலில் விட்டவர்கள்தான் பிறகு மூன்று வருஷம் களை பிடுங்குகிறார்கள். வீட்டை விட்டு வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு இருக்கட்டும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை நாலு அங்குல இடைவெளியில் நட்டால் சென்ட்டுக்கு ஏறக்குறைய 3,900 துண்டு பிடிக்கும். அரை அடி இடைவெளி என்றால் 1,750 போதும். மூடுவதற்கு மட்டும் கூடுதலாக ஒரு மாதம் ஆகும்.

காவல்காரரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: தினமும் குழாயைப் பிடித்துத் தெளிக்கக் கூடாது. தெளித்துத் தெளித்து வளர்த்த புல்லின் வேர் மேல் மண்ணிலேயே நின்றுவிடும். அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் புல்லும் போய்விடும். வேர் பிடித்த பிறகு, கோடையில் பச்சை வேண்டாம், உயிர் இருந்தால் போதும் என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சென்ட்டுக்கு 500 லிட்டர் விட்டால் போதும்.

கேள்வி: இருப்பதை வைத்து வருஷம் முழுக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று மாதவாரியாகச் சொல்ல முடியுமா? இரண்டு வருஷமான அருகம்புல் தரை, 2 சென்ட்.
– வாசகர், கோட்டையூர்

நம் பக்கத்தில் புல்லுக்கு வருஷம் பிறப்பது சித்திரையில் இல்லை, ஆவணியில். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய அந்த ஆறு வாரத்தில் செய்கிற வேலைதான் மீதி வருஷத்தைத் தாங்கும்.

ஆவணியில் ஒரு நல்ல மழை பெய்த பிறகு புல்லை ஒரு அங்குலத்துக்கு ஒட்ட வெட்டுங்கள். இரும்பு வாரியால் இரண்டு திசையிலும் வாரினால் அடியில் படிந்த காய்ந்த சருகு மெத்தை கிளம்பி வரும். அது அரை அங்குலத்தைத் தாண்டினால் தண்ணீர் உள்ளே இறங்காது. பிறகு முள்கரண்டி போன்ற தோட்டக் கவையை மூன்று நாலு அங்குலம் இறக்கி அசைத்து, அரையடிக்கு ஒன்றாகத் துளை போடுங்கள். செம்பொறை மண் காய்ந்தால் மேல் ஓடு கல்லாகிவிடும் என்பதால் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. துளை போட்டதும் சலித்த மட்கு உரமும் மணலும் சமமாகக் கலந்து கால் அங்குலம் பரப்பிப் பெருக்கிவிடுங்கள். கால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 9 கன அடி கலவை பிடிக்கும். இலை நுனி வெளியே தெரிய வேண்டும், புதைக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து 250 கிராம் யூரியா, 150 கிராம் பொட்டாஷ் இரண்டையும் ஒரு சட்டி மணலில் கலந்து வீசுங்கள். இலை காய்ந்திருக்கும்போது வீசி, உடனே தண்ணீர் விட வேண்டும். பனி ஈரத்தில் வீசினால் யூரியா இலையில் ஒட்டிப் பொட்டுப் பொட்டாகக் கருகும்.

ஐப்பசி, கார்த்திகையில் உரம் வேண்டாம், மழையோடு ஊருணிக்குத்தான் போகும். தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நிற்கிற இடம் எது என்று பார்த்து வைத்துக்கொண்டு வாய்க்கால் வெட்டுங்கள். ஈர மண்ணில் நடப்பதைக் குறையுங்கள். வாரம் பத்து நாளுக்கு ஒரு வெட்டு, ஒன்றரை அங்குல உயரத்தில், புல் காய்ந்த வேளையில். ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அப்படி வெட்டும்போது விழுகிற துணுக்குகளை வாரவும் வேண்டாம், அதுவே உரம். வட்ட வட்டமாக வைக்கோல் நிறத் திட்டு வந்தால் பூஞ்சணம். சாயங்காலம் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூள் லிட்டருக்கு 10 கிராம் கலந்து பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை தெளியுங்கள். குடை குடையாகக் காளான் முளைத்தால் தட்டிவிட்டுப் போங்கள், அதனால் கெடுதல் இல்லை.

மார்கழி, தையில் வளர்ச்சி மந்தமாகும். மஞ்சள் தட்டினால் பதற வேண்டாம்.

மாசியில் இன்னொரு 250 கிராம் யூரியா. வருஷத்துக்கு இந்த இரண்டு தடவைதான். அதற்கு மேல் போட்டால் நீங்கள் வளர்ப்பது வெட்டுக்கூலியை.

பங்குனி முதல் ஆனி வரை உயரத்தை இரண்டு அங்குலமாக ஏற்றுங்கள், தரையில் நிழல் விழுந்து ஈரம் காக்கும். பச்சையாகவே வைத்திருக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒரு அங்குலத் தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட்டுக்கு அது ஆயிரம் லிட்டர், மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் ஒன்று. அதை இரண்டாகப் பிரித்து அதிகாலையில் விடுங்கள். செம்மண் ஒரேயடியாகக் குடிக்காது. பத்து நிமிஷம் விட்டு, அரை மணி நிறுத்தி, மறுபடி பத்து நிமிஷம் விட்டால் ஓடாமல் இறங்கும். தெளிப்பான் எவ்வளவு கொட்டுகிறது என்று அறிய நாலு எவர்சில்வர் டம்ளரை அங்கங்கே வைத்துப் பாருங்கள். மிதித்த கால்தடம் நிமிராமல் அப்படியே இருந்தால் புல் தாகம் என்கிறது. அதற்கு முன்னால் விட வேண்டியதில்லை.

ஆடியில் களை பிடுங்குவதோடு சரி.

கேள்வி: மதிலை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மட்டும் புல் மஞ்சளாக இருக்கிறது. யூரியா போட்டும் பச்சை வரவில்லை.
– வாசகி, பள்ளத்தூர்

தளிர் இலையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் கோடு கோடாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை முதலில், ஒரே சீராக மஞ்சளாகும். உங்கள் மதில் பழையதாக இருந்தால் காரணமும் அங்கேயே கிடக்கும்: உதிர்ந்த சுண்ணாம்புக் காரை. நம் செம்மண் பல இடங்களில் அமிலத் தன்மை கொண்டது, ஆனால் காரை விழுந்த இடம் மட்டும் காரமாகிவிடும். காரத்தில் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. யூரியா போடப் போட மஞ்சள் இன்னும் எடுப்பாகத்தான் தெரியும்.

10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, சாயங்காலம் சென்ட்டுக்கு இரண்டு மூன்று லிட்டர் வீதம் இலையில் தெளியுங்கள். கரைத்த அன்றே தெளிக்க வேண்டும், பழுப்பாகிப்போன கரைசல் பயன்படாது. பதினைந்து நாளில் ஒரு தடவை, மொத்தம் மூன்று. ஆத்தங்குடிக் கல் மீதோ வெள்ளைச் சுவர் மீதோ ஒரு துளி பட்டாலும் துருக்கறை போகாது, பழைய பாயை மறைப்பாகச் சாத்திக்கொண்டு தெளியுங்கள். நிரந்தரத் தீர்வு அந்த இரண்டடி மண்ணை முக்கால் அடிக்கு எடுத்துவிட்டு வேறு செம்மண் போடுவதுதான்.

மண் பரிசோதனைக்கு எடுத்தால் இந்த இடத்து மண்ணைத் தனியாக எடுங்கள். மற்ற இடத்தில் ஐந்தாறு குழி, அரையடி ஆழம், கலந்து அரைக் கிலோ. இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் வருகிற முடிவு எந்த இடத்துக்கும் பொருந்தாது.

கேள்வி: தை மாசம் அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம், ஊர் வீட்டில் வைத்திருக்கிறோம். புல்தரை மேல் பந்தல் போடலாமா?
– வாசகர், தேவகோட்டை

போடலாம், மூன்று நாளுக்குள் பிரித்துவிட வேண்டும். அடுப்பும் கழுவுகிற இடமும் புல் மேல் கூடவே கூடாது. ஒரு குண்டான் வடிகஞ்சியைச் சுடச்சுடக் கொட்டினால் அந்த இடம் கொடி வரைக்கும் வெந்துபோகும்.

தையில் புல் மெதுவாக வளரும் என்பதால் யூரியாவை, இந்த ஒரு வருஷம் மட்டும் விதிவிலக்காக, கார்த்திகைக் கடைசியிலேயே கொடுங்கள், மழை ஓய்ந்த நாளாகப் பார்த்து. விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னால் மேலே சொன்ன அன்னபேதித் தெளிப்பு. இலை நீளாமலேயே நிறம் ஏறும். வெட்டு நாலு நாள் முன்னால். தண்ணீரை இரண்டு நாள் முன்பே நிறுத்தினால் நாற்காலிக் கால் மண்ணில் புதையாது. பந்தல் பிரித்த அன்றே வாரியால் படுத்த புல்லை நிமிர்த்தி, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பந்தி நடந்த இடம் இறுகியிருக்கும், மறு வாரம் துளை போடுங்கள். மஞ்சளான புல்லுக்கு உடனே உரம் வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியாவில் இருக்கும் மகன், அங்கே ‘சென்டிபீட்’ புல் போட்டால் வேலையே இல்லை என்கிறான். விதை கொண்டுவரச் சொல்லவா?
– வாசகர், காரைக்குடி

வேண்டாம். தென்சீனத்திலிருந்து 1916-ல் அமெரிக்காவுக்குப் போன புல் அது. அமில மண்ணும் குறைந்த உரமும் அதற்குப் பிடிக்கும் என்பது உண்மை. அதனால்தான் அங்கே சோம்பேறியின் புல் என்கிறார்கள். ஆனால் வேர் ஆழம் போகாது, மிதியும் தாங்காது. அங்கே கோடையில் மழை உண்டு. நமக்குக் கோடையில் உள்ளது அக்கினி நட்சத்திரம். தவிர, விதையானாலும் அனுமதிப் பத்திரமும் தாவர நலச் சான்றும் இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவரக் கூடாது.

மகன் சொல்வதில் எடுத்துக்கொள்ள வேண்டியது உரக் கஞ்சத்தனத்தை மட்டும். குளிர்காலத்துக்காக இருக்கிற புல் மேல் வேறு புல் விதை தூவுவது போன்றவை பனியில் புல் முழுதும் பழுப்பாகிற ஊர் வேலை, நமக்கில்லை.

கேள்வி: கோரை. பிடுங்கப் பிடுங்க வருகிறது.
– வாசகி, புதுவயல்

இலையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே இருந்து மறுபடி விடும். கொத்திப் புரட்டினால் கிழங்குச் சங்கிலி அறுந்து, ஒன்று நாலாகும். மழை பெய்த மறுநாள், நீண்ட கத்தியை அரையடி இறக்கி நெம்பிக் கிழங்கோடு எடுங்கள். ஐந்தாறு இலை விடுவதற்குள், இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. அப்படி ஒரு மழைக்காலம் முழுக்க விடாமல் செய்தால் கிழங்கின் சேமிப்பு தீரும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை யாராவது சொல்லலாம். அது கோரையோடு அருகையும் கொல்லும். கோரை நிழலுக்கு அடங்கும், புல்லை இரண்டு அங்குலத்தில் அடர்த்தியாக வைத்திருப்பதே பாதி மருந்து. நெருஞ்சி வந்திருந்தால் தரை வெறிச்சோடிக் கிடக்கிறது என்று அர்த்தம், காய் பிடிக்கும் முன் பிடுங்குங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் புல் பாயைச் சுருட்டுவது போல் கையோடு வருகிறது. கரையானா?
– வாசகர், ஆத்தங்குடி

கரையான் என்றால் காய்ந்த இலை மேல் மண் பூசியிருக்கும். அது பெரும்பாலும் செத்த சருகைத்தான் தின்னும், வேர் இருக்கும். பாயாகச் சுருண்டால் வேர்ப்புழு, மண்ணுக்குள் வேரைத் தின்னும் வண்டுப்புழு. சுருட்டிய இடத்தில் பழுப்புத் தலையோடு வெள்ளையாக வளைந்து கிடக்கும். சதுர அடிக்கு ஐந்தாறு இருந்தால் கைவைக்க வேண்டும். மெட்டாரைசியம் பூஞ்சணத் தூள் 50 கிராமை இரண்டு மூன்று கிலோ ஈர மட்கு உரத்தில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தூவித் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் போட்டால் வீண். அரைகுறையாக மட்கிய சாணம்தான் வண்டைக் கூப்பிடுகிறது. கோடை மழைக்குப் பிறகு வேம்பிலும் முருங்கையிலும் ராத்திரி மொய்க்கிற பழுப்பு வண்டுகளை உலுக்கிப் பிடித்தால் அடுத்த தலைமுறை குறையும்.

கேள்வி: இரண்டு சுவருக்கு நடுவே, மூன்று மணி நேர வெயில். புல் வருமா?
– வாசகி, கொத்தமங்கலம்

அருகுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். பொடுதலை நட்டுப் பாருங்கள், ஊருணிக் கரையில் தரையோடு படர்கிறதே அதுதான். வெட்டே வேண்டாம். பூவுக்குத் தேனீ வரும், வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகள் இருந்தால் யோசியுங்கள்.

கேள்வி: புல்தரை அருகைப் பிள்ளையாருக்குச் சாத்தலாமா? சாறும் குடிக்கிறோம்.
– வாசகர், குன்றக்குடி

சாத்தலாம். சாறு மட்டும் வேண்டாம். உரமும் மருந்தும் விழுகிற தரை, நாயும் பூனையும் நடக்கிற தரை. தொட்டியில் தனியாக நாலு கரணை நட்டுக்கொள்ளுங்கள்.