வெள்ளையர் சலுகை – கடிதம்

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் இப்போது எங்கும் பேசப்படும் 'வெள்ளையர் சலுகை', அதாவது வெள்ளையராகப் பிறந்ததாலேயே ஒருவருக்குச் சாதகம் கிடைக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் நண்பனின் தாத்தா மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. நுரையீரல் கெட்டுச் செத்தார். அவன் குடும்பத்துக்கு யார், என்ன சலுகை கொடுத்தார்கள்? பழைய பாவத்துக்கு இவனை ஏன் குற்றவாளி ஆக்க வேண்டும்?

ர.

அன்புள்ள ர.,

அந்தத் தாத்தா பட்ட பாட்டைச் சிறுமைப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. அதே மாநிலத்தின் சுரங்கங்களில் கறுப்பர்களும் இறங்கினார்கள், அதே கரித்தூளைச் சுவாசித்துச் செத்தார்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். 1954 வரை அங்கே அதுதான் சட்டம். வறுமை இருவருக்கும் பொது. நிறத்துக்கான தண்டனை ஒருவருக்கு மட்டும். அந்தத் தண்டனை இல்லாமல் வாழ்வதும் சலுகைதான். கையில் யாரும் எதையும் தருவதில்லை என்பதால் அனுபவிப்பவருக்கே அது தெரிவதில்லை.

யார் கொடுத்தது என்று கேட்கிறீர்கள். பல சமயம் அரசே கொடுத்தது. 1934 முதல் அமெரிக்க அரசு வீட்டுக்கடன்களுக்குக் காப்புறுதி தந்தது, அதாவது வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கியின் இழப்பைத் தான் ஈடுசெய்வதாக ஏற்றது. கறுப்பர் வாழும் பகுதிகளுக்கு அதை மறுத்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கடன் கிடைக்க உதவிய 1944ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கடன் தரவேண்டியது உள்ளூர் வங்கி. 1947இல் தென் மாநிலமான மிசிசிப்பியின் நகரங்களில் எடுத்த ஒரு கணக்கில், 3,229 கடன்களில் கறுப்பு வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. அதே நாட்டுக்காக அதே போரில் நின்றவர்கள்!

வீடு வாங்கியவர் அதன் மதிப்பை வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினார், பிறகு பேரனுக்கு விட்டுப்போனார். வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்து 1968இல் சட்டம் வந்தபோது ஒரு தலைமுறையின் சொத்து சேர்ந்து முடிந்திருந்தது. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (எல்லாக் குடும்பங்களையும் சொத்து வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருவதன் சொத்து) சுமார் 2,85,000 டாலர். கறுப்பர் குடும்பத்துக்குச் சுமார் 45,000. உங்கள் நண்பரின் குடும்பம் இதில் ஒன்றும் பெறாமல் போயிருக்கலாம். நான் சொல்வது நாட்டின் கணக்கு.

அவர் குற்றவாளி அல்ல. அவருடைய குற்றவுணர்ச்சியால் எந்தக் கறுப்பருக்கும் பயனில்லை. மாற வேண்டியது ஏற்பாடுகள்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி, ஆபத்தான குறைவை வெள்ளையரைவிடக் கறுப்பு நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு தவறவிடுகிறது என்று 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்தக் கருவியைச் செய்தவர்கள் யாரையும் வெறுத்திருக்க வேண்டியதில்லை. எல்லா நிறத் தோலிலும் சோதித்தபிறகே விற்க வேண்டும் என்று கேட்பதற்கு யாரும் கூண்டில் ஏறவும் வேண்டாம். உங்கள் நண்பரும் அதைக் கேட்கலாம்.

அன்புடன்