எத்திக்ஸ் கமிட்டியின் ரகசியம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், 'நோயாளிக்காகப் பார்க்க எத்திக்ஸ் கமிட்டி இருக்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் அப்பா அப்படி ஒரு மருந்துச் சோதனையில் சேர்ந்திருந்தார். ஒப்புதல் படிவத்தில் கமிட்டியின் தொலைபேசி எண் இருந்தது. உறுப்பினர்கள் யார், இந்தச் சோதனையை என்ன காரணத்துக்காக அனுமதித்தார்கள் என்று கேட்டேன். 'அதெல்லாம் ரகசியம்' என்று சொல்லிவிட்டார்கள். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். ஆனாலும் உறுத்துகிறது. பேசுவது வெளியே போகும் என்றால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்கிறார் மருத்துவரான என் நண்பர். நானோ கூட்டத்தையே நேரலையில் காட்ட வேண்டும், யார் எப்படி வாக்களித்தார் என்பது உட்பட, என்கிறேன். நீங்கள் யார் பக்கம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முழுதாக யார் பக்கமும் இல்லை. ஆனால் உங்களுக்குக் கிடைத்த பதில் தவறானது.

மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு நெறிகளைச் சொல்வது உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம். அது 1964-ல் வந்தது. ஆய்வைத் தனிக் குழு ஒன்று, அதாவது எத்திக்ஸ் கமிட்டி, பரிசீலிக்க வேண்டும் என்பது 1975 திருத்தத்தில் சேர்ந்தது. அந்தக் குழு வெளிப்படையாகச் செயல்பட வேண்டும் என்று 2013 திருத்தம் சொல்கிறது. எதையெல்லாம், யாருக்கு, எப்போது காட்ட வேண்டும் என்று விரித்துச் சொல்லவில்லை. 'அதெல்லாம் ரகசியம்' என்ற பதில் பிழைத்திருப்பது அந்த இடைவெளியில்தான்.

நோயாளிகளின் அடையாளம் ரகசியமாக இருக்க வேண்டும். மருந்தைத் தயாரிக்கும் முறை நிறுவனத்தின் சொத்து, அதுவும் சரி. ஆனால் கமிட்டியில் யார் இருக்கிறார்கள், அவர்களில் யாருக்கு அந்த நிறுவனத்தோடு பணத் தொடர்பு உண்டு, முடிவெடுக்கும்போது அவர் அறையை விட்டு வெளியே போனாரா, ஆய்வாளரிடம் கமிட்டி என்ன கேட்டது, எதை மாற்றச் சொன்னது? இதில் எது ரகசியம் என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். மூடிய கதவுக்குள் மனம்விட்டுப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு பதில் இருக்கிறது. ஆக்லாந்து நகரின் நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில், கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய நிலை கண்டறியப்பட்ட பெண்களுக்கு வழக்கமான சிகிச்சையைத் தராமல் கண்காணித்து மட்டும் வரலாம் என்று ஒரு மருத்துவர் முன்வைத்தார். மருத்துவமனையின் மூத்த மருத்துவர்களே கூடி 1966-ல் அதை அனுமதித்தார்கள். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. கூட வேலை பார்த்த மருத்துவர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். 1975-ல் உள்ளுக்குள்ளேயே ஒரு குழு போட்டு விசாரித்தார்கள். அதோடு விஷயம் அமுங்கிவிட்டது. ஆட்சேபித்தவர்கள் 1984-ல் ஒரு மருத்துவ இதழில் விவரங்களை வெளியிட்டார்கள்: நோய்க்குறி விலகாமல் இருந்த பெண்களில் பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. அப்போதும் வெளியுலகம் அசையவில்லை. 1987-ல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இருவர் 'மெட்ரோ' இதழில் இதை எழுதிய பிறகுதான் நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை வந்தது. அறிக்கை 1988-ல் வெளியானது.

பாருங்கள், உங்கள் நண்பர் கேட்கும் சூழல் அங்கே குறையில்லாமல் இருந்தது. வெளியாள் யாரும் இல்லை, செய்தியாளர் இல்லை. ஆட்சேபித்தவர்கள் மனம்விட்டுத்தான் பேசினார்கள். அதைக் கேட்டாக வேண்டிய கட்டாயம்தான் யாருக்கும் இல்லை.

அதே நியூசிலாந்தில் இன்று மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுக்கள், அதாவது எத்திக்ஸ் கமிட்டிகள், தங்கள் கூட்டக் குறிப்புகளை இணையத்தில் போடுகின்றன. குழு எழுப்பிய கேள்விகளும் எடுத்த முடிவும் அதில் இருக்கும். மருத்துவரல்லாத சாதாரண மக்களும் உறுப்பினர்கள். யாரும் வாயடைத்துப் போனதாகத் தெரியவில்லை.

கூட்டக் குறிப்பு வெளியாட்களுக்காக மட்டும் எழுதப்படுவதல்ல. 2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வில் தன்னார்வமாகச் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். நோயாளி அல்ல, ஆரோக்கியமானவர். அவர் மூச்சில் இழுத்த ரசாயனம் நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்பது 1950-களிலேயே மருத்துவ இதழ்களில் வந்திருந்தது. அரசு அதிகாரிகள் போய்த் துருவியபோது, பெரும்பாலான ஆய்வு விண்ணப்பங்கள் அங்கே கமிட்டிக் கூட்டத்தில் தனித்தனியாக எடுத்துப் பேசப்படவே இல்லை என்பது தெரிந்தது. இது தெரிய ஒரு சாவு தேவைப்பட்டது. என்ன பேசினோம் என்று மாதாமாதம் வெளியிட வேண்டியிருந்தால், பேசாமல் கையெழுத்துப் போடுவது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

நேரலை விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. கமிட்டியில் உள்ள ஓர் இளைய மருத்துவர் தன் துறைத் தலைவரின் ஆய்வையே எதிர்த்து வாக்களிக்கிறார் என்று வையுங்கள். அது பெயரோடு ஊருக்கெல்லாம் தெரிந்தால், அடுத்த முறை அவர் கை தூக்குவாரா? இந்த அளவில் உங்கள் நண்பர் சொல்வது சரி. காரணங்கள் வெளியே வரட்டும், யார் சொன்னார் என்பது வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் பெரிய கவலை. ஒரு கமிட்டி நிராகரித்த ஆய்வை இன்னொரு கமிட்டியிடம் கொண்டுபோக முடியும். முதல் கமிட்டி வேண்டாம் என்றது அடுத்ததற்குத் தெரிய வேண்டிய கட்டாயம் எல்லா இடத்திலும் இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைத் தெரிவிக்கச் செய்யும் விதி ஒன்றை 2002-ல் யோசித்து, 2006-ல் கைவிட்டது. 2009-ல் அங்கே நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஒரு சோதனை செய்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயிற்றுக்குள் ஊற்றும் ஜெல் என்று இல்லாத ஒன்றை உருவாக்கி, இல்லாத ஒரு மருத்துவரின் பெயரில், கட்டணம் வாங்கிப் பரிசீலிக்கும் மூன்று கமிட்டிகளை அணுகியது. இரண்டு மறுத்தன. ஒன்று அனுமதித்தது. ஒரு மருந்து நிறுவனத்துக்கு அந்த ஒன்று போதுமே! நிராகரிப்புகளும் காரணத்தோடு பொதுவில் இருந்தால் இந்த வித்தை நடக்காது. பிரிட்டனில் ஆய்வுச் சுருக்கத்தோடு நெறிமுறைக் குழுவின் முடிவையும் வெளியிடுகிறார்கள். செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை.

சரி, இப்போது நீங்கள் என்ன செய்யலாம்? தொலைபேசியை விடுங்கள், எழுதிக் கேளுங்கள். அப்பாவின் கையெழுத்தோடு போகட்டும். பங்கேற்றவரே கேட்டால் 'நீங்கள் யார்' என்று தட்டிக்கழிக்க முடியாது. சோதனையின் பொதுப் பதிவு எண், உறுப்பினர் பட்டியல், அனுமதித்த தேதி, விதித்த நிபந்தனைகள் ஆகியவற்றைக் கேளுங்கள். அனுமதித்த பிறகு இந்த ஆய்வைக் கமிட்டி கடைசியாக எப்போது பரிசீலித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் தாமதமாகும் என்று நினைக்கிறேன். மறுப்பதாக இருந்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். என்ன வந்தாலும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்.