சின்ன கேமரா, பெரிய விலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கையில் நல்ல போன் இருக்கிறது. அப்புறம் எதற்கு இத்தனை காசு கொட்டி ஒரு சின்ன கேமரா?

பல பேருக்குத் தேவையே இல்லை என்பதுதான் உண்மை. பகல் வெளிச்சத்தில் எடுத்து, போன் திரையிலேயே பார்த்து, நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடும் படங்களுக்கு இருக்கிற போனே தாராளம். கேமராவில் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) பெரிது என்ற வாதத்தையும் முன்போல அடித்துச் சொல்ல முடியாது. 2022-ல் வந்த ஷாவ்மி 12எஸ் அல்ட்ரா போனிலேயே ஒரு இன்ச் வகை சென்சார் வந்துவிட்டது. ஆனால் ஒன்று, போன் நீங்கள் ஒரு தடவை தட்டும்போது பல ஃப்ரேம்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத்தான் அந்தப் பளபளப்பைக் கொண்டுவருகிறது. மங்கலான கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையை எடுத்துப் பாருங்கள், அந்தக் கணக்கு தடுமாறுவது தெரியும்: முகம் மெழுகு பூசிய மாதிரி, கை ஒன்றுக்கு இரண்டாக. உச்சி வெயிலில் திரையே தெரியாதபோது கண்ணை ஒட்டிப் பார்க்க ஒரு வியூஃபைண்டர், விரலுக்கு அழுந்துகிற நிஜமான ஷட்டர் பொத்தான், படம் எடுக்கும் நேரத்தில் அழைப்போ செய்தியோ வந்து குறுக்கே நிற்காத நிம்மதி, இவற்றுக்காகத்தான் இந்தக் காசு. இதில் ஒன்றுகூட உங்களை உறுத்தியதில்லை என்றால் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ஒரு இன்ச் சென்சார்' என்று போட்டிருக்கிறார்கள். அளவைப் பார்த்தால் இன்ச் கணக்கு எங்கேயும் வரவில்லையே?

வராது. அதன் அளவு 13.2 x 8.8 மி.மீ., மூலைக்கு மூலை அளந்தாலும் சுமார் 16 மி.மீ. தான், ஒரு இன்ச் என்றால் 25.4 மி.மீ. இந்தப் பெயர் பழைய டிவி கேமராக்களில் இருந்த விடிகான் குழாய் காலத்தது. கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துப் பெயர் சொன்னார்கள், அதற்குள் படம் விழும் பகுதி அதைவிடச் சின்னது. குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பரப்பளவாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு இன்ச் வகை ஏறக்குறைய 116 சதுர மி.மீ., அதைவிடப் பெரிய சென்சார் வகைகளில் ஃபோர் தேர்ட்ஸ் 225, ஏபிஎஸ்-சி சுமார் 370, பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவான ஃபுல் ஃப்ரேம் 864. பரப்பு கூடினால் சேரும் வெளிச்சமும் கூடும், அதனால் இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிவது குறையும். ஆனால் சென்சாரை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், லென்ஸும் சேர்ந்ததுதான் கணக்கு. ஏபிஎஸ்-சி சென்சாருக்கு ஒரு இன்ச்சைவிட மூன்று மடங்கு பரப்பு. ஆனால் அதன் முன்னால் எஃப்/2.8 லென்ஸும் (எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் சின்னதானால் திறப்பு பெரிது), ஒரு இன்ச்சின் முன்னால் எஃப்/1.8 லென்ஸும் இருந்தால், இரண்டாவது லென்ஸ் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. வித்தியாசம் கிட்டத்தட்ட கரைந்துபோகும் (ஜூமை நீட்டாத வரைக்கும், நீட்டினால் அந்த எஃப்/1.8 சட்டென்று சுருங்கிவிடும்). பின்புலம் மங்கலாகத் தெரிவது வேறு சங்கதி. ஒரு இன்ச்சில் எஃப்/1.8 என்றால் ஃபுல் ஃப்ரேமில் எஃப்/4.9 வைத்து எடுத்த அளவுக்குத்தான் மங்கும். எஃப்/1.8 என்று பெட்டியில் பார்த்துவிட்டு முகத்துக்குப் பின்னால் எல்லாம் வெண்ணெயாக உருகும் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

கேள்வி: ஜூம் உள்ளது வாங்குவதா, ஒரே லென்ஸ் பொருத்தியது வாங்குவதா? மண்டை காய்கிறது.

காய வேண்டாம், பதில் உங்கள் பழைய படங்களிலேயே இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த ஐம்பது படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் எந்தக் குவிய நீளத்தில் (மி.மீ.-ல் இருக்கும் எண், சின்னதானால் காட்சி அகலம், பெரிதானால் நெருக்கம்) எடுத்தது என்று பதிவாகியிருக்கும். போனாக இருந்தால் எந்த லென்ஸ் என்றாவது தெரியும். ஐம்பதில் நாற்பது ஒரே இடத்தில் குவிந்திருந்தால் நீங்கள் ஒற்றை லென்ஸ் ஆள். சிதறிக் கிடந்தால் ஜூம்.

ஒற்றை லென்ஸில் பார்க்க வேண்டியவை மூன்று குடும்பம். ரிக்கோ ஜிஆர் 3, 28 மி.மீ. பார்வைக்கோணம், பேட்டரியோடு 257 கிராம், நிஜமாகவே பேண்ட் பாக்கெட்டில் போகும். அதன் இரட்டையான ஜிஆர் 3எக்ஸ் 40 மி.மீ. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை 35 மி.மீ.; 2011-ல் தொடங்கி இப்போது 2024-ல் வந்த எக்ஸ்100 சிக்ஸ் வரை அதே பார்வைக்கோணம்தான், 521 கிராம், கோட் பாக்கெட் வேண்டும். லைக்கா க்யூ 3 ஃபுல் ஃப்ரேம், 28 மி.மீ., 743 கிராம். அதைக் காம்பாக்ட் என்று சொல்வது கொஞ்சம் தாராள மனசு. இந்தக் கேமராக்களில் நெருக்கமாக வேண்டுமென்றால் நீங்கள்தான் நடக்க வேண்டும். மேடைக்கச்சேரிக்கும் மரத்து உச்சியில் இருக்கும் பறவைக்கும் நடந்து போக முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜூமில் சோனி ஆர்எக்ஸ்100 வரிசையையே எடுத்துக்கொண்டால், 3-ஆம் மாடல் 24-70 மி.மீ., எஃப்/1.8-2.8, 7-ஆம் மாடல் 24-200 மி.மீ., ஆனால் எஃப்/2.8-4.5. நீளம் கூடியது, வெளிச்சம் குறைந்தது. சின்ன உடலுக்குள் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க முடியாது, அது கண்ணாடியின் இயற்பியல். பகலில் ஊர் சுற்றுகிறவருக்கு 7, வீட்டுக்குள்ளும் மாலை நேரத்திலும் எடுப்பவருக்கு 3. புதியது எது என்று பார்த்து வாங்கினால் இந்த இடத்தில்தான் தவறு நடக்கும்.

கேள்வி: 20 மெகாபிக்சலுக்கும் 40-க்கும் கண்ணில் தெரியுமா?

போனிலும் கணினித் திரையிலும் தெரியாது. 20 மெகாபிக்சல் படத்தை 18 x 12 இன்ச்சுக்குக் கூர்மை குறையாமல் அச்சிடலாம். ஒற்றை லென்ஸ் கேமராவில் மட்டும் 40 உதவும், பிறகு வெட்டிச் சுருக்கிக்கொள்ளலாம். ஜூம் இல்லாத குறைக்கு ஒரு ஒட்டு. ஃபைல் பெரிதாகும், வன்தட்டு நிரம்பும்.

கேள்வி: கடையில் பத்து நிமிடம் கையில் கொடுத்தார்கள். என்ன பார்ப்பது என்று தெரியாமல் கடைக்காரரையே நாலு படம் எடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதில் தப்பில்லை, அதே நாலு படத்தை வேறு மாதிரி எடுத்திருக்கலாம். முதலில் அணைத்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டு, வெளியே எடுத்து, ஆன் செய்து, ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். இந்தப் பரீட்சையில் தோற்கிற கேமரா நாளைக்கு வீட்டு அலமாரியில்தான் இருக்கும். பிறகு கடையின் மங்கலான மூலை, மேசைக்கு அடிப்புறம் மாதிரி இடத்தை ஃபோகஸ் செய்யச் சொல்லுங்கள். பளிச்சென்று விளக்கு எரிகிற இடத்தில் எந்தக் கேமராவும் சூரன்தான். கண்ணாடி அணிபவராக இருந்தால் அணிந்தபடியே வியூஃபைண்டரில் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். கட்டைவிரல் எங்கே உட்கார்கிறது, பிடிக்கும்போது தெரியாமல் ஏதாவது பொத்தான் அழுந்துகிறதா, மெனுவைத் திறக்காமல் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்) மாற்ற முடிகிறதா. சொந்த மெமரி கார்டு கொண்டுபோய், அனுமதி கேட்டு, படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து பெரிய திரையில் பார்ப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் அழகுதான்.

கேள்வி: வாங்கியாயிற்று. லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கேட்டதற்கு நன்றி, யாரும் கேட்பதில்லை. திருப்பிக் கொடுக்கும் தவணை முடிவதற்குள் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

சின்ன கேமராவில் லென்ஸ் துண்டுகள் நுணுக்கமாக அடுக்கப்பட்டவை. ஒரு துண்டு மயிரிழை சாய்ந்திருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். இதைப் பிடிக்க, சமமான சுவரில் செய்தித்தாள்களை நடுவிலும் நான்கு மூலையிலும் ஒட்டுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, சுவருக்கு நேராக நிறுத்துங்கள். நேராக என்றால் கண்மதிப்பு போதாது: சுவரின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டிவையுங்கள், ஃபிரேமின் நட்டநடுவில் கேமராவின் லென்ஸே பிரதிபலித்துத் தெரியும் வரை நகர்த்துங்கள். 2 நொடி டைமர் போட்டு, நடுவில் ஃபோகஸ் செய்து, லென்ஸ் முழுக்கத் திறந்த நிலையில் ஒன்று, எஃப்/4-ல் ஒன்று, எஃப்/5.6-ல் ஒன்று. ஜூம் என்றால் அகலம், நடு, நீளம் மூன்றிலும் இதையே செய்யுங்கள். பிறகு கணினியில் முழு அளவில் மூலைகளைப் பாருங்கள்.

நான்கு மூலையும் நடுவைவிடக் கொஞ்சம் மென்மையாக இருந்தால் அது லென்ஸின் வடிவமைப்பு, பேசாமல் விட்டுவிடுங்கள். இடது கூர்மை, வலது மங்கல் என்று ஒருபக்கமாக இருந்தால் கேமராவைத் தலைகீழாகப் பொருத்தி மறுபடி எடுங்கள். படத்தை நிமிர்த்தாமல், கேமரா பார்த்தபடியே வைத்துப் பாருங்கள். மங்கல் அப்போதும் ஃபிரேமின் அதே பக்கத்தில் இருந்தால் குற்றம் லென்ஸில். பக்கம் மாறிவிட்டால் சுவரோ நீங்கள் வைத்த கோணமோதான் காரணம்.

ரா (கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் ஃபைல்) வகையில் எடுத்து, திருத்தம் எதுவும் செய்யாத மென்பொருளில் திறந்தால் சுவர் பீப்பாய் மாதிரி வளைந்து தெரியலாம். பயப்படாதீர்கள். இந்த அளவு லென்ஸ்கள் பலவும் வளைவை மென்பொருளில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டே செய்யப்பட்டவை. கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் தானே நேராகிவிடும்.

அடுத்து தூசி. லென்ஸின் கடைசி எண்ணுக்கு, எஃப்/11 அல்லது எஃப்/16, போய் வெறும் வானத்தை ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலான வட்டம் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸ் கழற்ற முடியாத கேமராவாயிற்றே, தூசி எப்படி என்று கேட்பீர்கள். நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை இழுத்து விடுகிறது, பாக்கெட்டில் இருக்கும் பஞ்சும் கூடவே போகிறது. நாமே திறந்து துடைக்கவும் வழியில்லை, சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் வாங்கிய ஒரு கேமராவில் இடது ஓரம் மங்கல். இரண்டு மாதமாகத் தெரியவே இல்லை, ஏனென்றால் அந்த இரண்டு மாதமும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பூனையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நூலக அலமாரியை எடுத்த அன்றுதான் இடதுபக்கப் புத்தகங்களின் பெயர்கள் படிக்க முடியாமல் குழம்பிக் கிடப்பதைப் பார்த்தேன். விற்றவர் தவணை முடிந்துவிட்டது என்று கையை விரித்தார். அவர் மேல் கோபம் வந்தாலும் பூனை மேல் வரவில்லை.

கேள்வி: பேட்டரி 200 படம்தான் என்கிறார்களே, ஒரு நாள் வருமா?

அந்த எண் சிபா என்ற கேமரா உற்பத்தியாளர் அமைப்பின் வரையறைப்படி, ஃப்ளாஷ் இருக்கும் கேமராவில் பாதிப் படங்களுக்கு ஃப்ளாஷ் போட்டு, அடிக்கடி அணைத்து எழுப்பி எடுக்கும் கணக்கு. தொடர்ந்து சுட்டால் அதைவிட அதிகம் வரும், எடுத்ததையே திரையில் பார்த்துப் பார்த்து ரசித்தால் குறையும். உதிரி பேட்டரி ஒன்று கட்டாயம். விமானத்தில் போனால் அதைக் கைப்பையில் வையுங்கள். லித்தியம் உதிரிகளைச் சரக்குப் பெட்டியில் போட அனுமதி இல்லை.

கேள்வி: பழையது வாங்கலாமா?

தாராளமாக. காம்பாக்ட் கேமராவில் வேகமாக வயதாவது சென்சார் அல்ல, அசையும் பாகங்கள். அதனால் ஜூமைப் பத்து முறை நீட்டிச் சுருக்கிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள், கரகர சத்தம் இருந்தால் வேண்டாம். நீட்டிய குழலை லேசாக அசைத்துப் பாருங்கள், கொஞ்சம் ஆடுவது சகஜம், தளதளவென்று ஆடினால் கீழே விழுந்த கேமரா. லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். பேட்டரி சிரமமில்லாமல் வெளியே வர வேண்டும், சிக்கினால் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். மற்றபடி மோகத்துக்கு விலை கொடுக்காதீர்கள். எக்ஸ்100 சிக்ஸுக்கு முந்தைய மாடலான எக்ஸ்100வி சமூக வலைத்தளங்களில் பரபரப்பானபோது பழையது புதியதன் விலையைத் தாண்டிக் கைமாறியது. அடுத்த மாடல் வரும் வரை பொறுத்தவர்கள் சிரித்தார்கள்.

கேள்வி: மழையில் எடுக்கலாமா?

ஜூம் நீளும் வகை என்றால் கூடாது. எக்ஸ்100வி-யும் சிக்ஸும் தாங்கும், ஆனால் முன்னால் அடாப்டர் வளையமும் ஃபில்டரும் பொருத்தினால் மட்டுமே. அதைத் தனியாக வாங்க வேண்டியிருப்பது எனக்கு இன்னும் பிடிபடாத தர்க்கம்.

கேள்வி: புதுக் கேமரா கையில் இருக்கிறது. முதல் நாள் எதை எதை மாற்றிவைக்க வேண்டும்?

ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்துப் பதிவாகட்டும். ஐஎஸ்ஓ தானாக மாறட்டும், ஆனால் ஷட்டர் வேகம் 1/125 நொடியைவிட மெதுவாகாமல் கட்டுப்பாடு போடுங்கள். முதல் மாதத்தில் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பாலானவை கை ஆட்டத்தாலும் ஆள் அசைவாலும் கெட்டவைதான். அபெர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பு, எஃப்/4-ல் இருக்கட்டும். பீப் சத்தத்தை நிறுத்துங்கள். மணிக்கட்டுப் பட்டையை மாட்டுங்கள். அப்புறம் தேதியும் நேரமும்: பெட்டியிலிருந்து எடுத்ததும் கேட்கும், அவசரத்தில் தள்ளிவிடுவோம். நான் அப்படித் தள்ளிவிட்டதில் ஒரு முழுப் பயணத்தின் 600 படங்களும் ஜனவரி 1 அன்று நள்ளிரவில் எடுத்ததாக இன்றைக்கும் கணினியில் கிடக்கின்றன, நடுப்பகல் கடற்கரை உட்பட.