கீழே இறங்க எவ்வளவு நேரம்? ஜவ்வாது மலை பற்றிச் சில கேள்விகள்

போன முறை ஜவ்வாது மலையின் உள்ளடங்கிய ஊர்களைத் 'தண்ணீர் சூழாத தீவுகள்' என்று எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வேளாண்மைத் துறையில் இருந்தபோது வருடக்கணக்கில் அந்த மலையில் ஏறி இறங்கியவன் என்ற தைரியத்தில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே ஜவ்வாது மலை தெரிகிறது. கண்ணெதிரே இருப்பதைத் தீவு என்றால் எப்படி? (ஆம்பூர் வாசகர்)

கண்ணுக்குத் தெரிகிறதுதான். கால் போய்ச் சேர வேண்டுமே. மலையில் யாரிடமாவது ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள், கிலோமீட்டரில் பதில் வராது. "இறங்க ரெண்டு மணி நேரம், ஏற மூணு" என்பார்கள். மழை பிடித்து ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அதே வழிக்கு "நாளைக்குப் பார்க்கலாம்" என்று பதில் வரும்.

மலை முழுக்க இப்படி இல்லை. ஜமுனாமரத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் பஸ் போகிறது. நான் எழுதியது பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் நடக்க வேண்டிய ஊர்களைப் பற்றி. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊராட்சிகளில் அப்படிப்பட்ட குக்கிராமங்கள் நிறைய.

இன்னொன்றும் உண்டு. பழைய வட ஆற்காட்டில் மலை முழுக்க ஒரே மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் திருப்பத்தூர் பிரிந்தது. இப்போது மலை ஒன்று, ஆட்சியர் மூன்று பேர். ஓர் ஊருக்குத் தாலுகா அலுவலகம் ஒரு பக்கம், இறங்க வசதியான பாதை வேறு பக்கம் என்று ஆகிவிட்டது. கோடு போட்டவர்கள் வரைபடத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள், பாதையைப் பார்த்துப் போடவில்லை.

மலையில் சாமை மலிவாகத்தானே விளைகிறது? கடையில் சாமை அரிசி ஏன் இந்த விலை? விளைவிப்பவரும் லாபம் இல்லை என்கிறாரே? (காட்பாடி வாசகி)

நல்ல கேள்வி அம்மா. கொல்லையில் விளைவது சாமை, நீங்கள் வாங்குவது சாமை அரிசி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் காசு இருக்கிறது.

வெயில் கால மழையில் உழுது போட்டு, ஆனி, ஆடியில் விதைப்பார்கள். உரம் என்றால் ஆட்டுப் புழுக்கையும் மாட்டுச் சாணியும்தான். ஐப்பசி, கார்த்திகையில் அறுத்து, கட்டுக் கட்டிச் சுமந்து வந்து, சாணி மெழுகிய களத்தில் பரப்பித் தாம்பு ஓட்டுவார்கள். மாட்டின் காலடியில் கதிர் உதிரும்போது களத்து மண்ணும் பெயர்ந்து கலக்கும். சாமை மணியும் பொடிக்கல்லும் ஒரே பருமன். முறத்தில் புடைத்தால் தூசி போகும், கல் போகாது.

நான் முதல் வருடம் மேலே போனபோது ஒரு வீட்டுத் திண்ணையில் அந்த வேலையைப் பார்த்தேன். ஒரு பாட்டி உரலில் இரண்டு படி சாமையைக் கொட்டிக் குத்தினார். பிறகு புடைத்தார், மறுபடியும் குத்தினார். அப்புறம் குண்டானில் தண்ணீர் ஊற்றி அரிசியைப் போட்டு, ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து அரிசியை மேலோட்டமாக வேறு பாத்திரத்துக்கு அரித்தெடுத்தார். அடியில் ஒரு சிட்டிகை கல் தங்கியது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பொழுது போய்விட்டது. அந்த வீட்டிலேயே இளையவர்கள் ரேஷன் அரிசிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாமை விளைகிற ஊரில் சாமைச் சோறு ஏன் குறைந்தது என்று ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், அந்த உரலைப் பார்த்தால் போதும்.

உமி நீக்கும் மெஷின் பெரும்பாலும் கீழே இருக்கிறது. நூறு கிலோ சாமை அரைத்தால் அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி தேறும். ஆக, மலைக்காரர் மூட்டையைக் கீழே கொண்டுவரும்போதே மூன்றில் ஒரு பங்கு உமிக்கும் சேர்த்து வண்டிக்கூலி கொடுக்கிறார். வண்டிக்கு வழியில்லாதவர் அடிவாரத்திலிருந்து வரும் வியாபாரியிடம் களத்திலேயே அளந்து விடுகிறார். அவர் சொன்னதுதான் விலை. போன பங்குனியில் அவரிடமே கைமாற்று வாங்கியிருந்தால் பேரமும் கிடையாது.

இத்தனைக்கும் உமியோடு இருக்கிற சாமை அவசரப்படுத்துகிற தானியம் அல்ல. தொம்பையில் (தானியக் குதிரில்) கொட்டிச் சாணியால் மூடினால் வருடக்கணக்கில் கெடாது. அரிசியாக்கினால்தான் ஒன்றிரண்டு மாதத்தில் சிக்கு வாடை வரும். காத்திருந்து விற்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். காத்திருக்கக் கையில் காசு வேண்டுமே! கல் நீக்கும் மெஷின், உமி நீக்கும் மெஷின் இரண்டும் மலை மேலேயே நாலைந்து ஊருக்கு ஒன்று இருந்தால் உங்கள் கடை விலை குறையுமோ என்னவோ, அவர்கள் கைக்குப் போவது கூடும்.

வீட்டில் சாமை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

மலைப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போகிறேன். பாம்புக்கு என்ன செய்வது? (ஒடுகத்தூர்)

நான் வைத்தியன் இல்லை. மேலே பழகியவர்களிடமும் மருத்துவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

தரையில் படுக்காதீர்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாயின் அடியில் நன்றாகச் செருகுங்கள். ராத்திரி தரையில் தூங்குபவரைக் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். கடித்த இடம் வலிக்காது, வீங்காது. பூச்சி என்று நினைத்துத் திரும்பிப் படுப்பார்கள். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்றால் அதை அஜீரணம் என்று விடவே கூடாது.

கடிபட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரத்தை உடனே கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் மருத்துவமனையில் போடுவது ஒரே விஷமுறிவு மருந்துதான்.

அடுத்ததுதான் மலையில் பெரிய சிக்கல். கடிபட்டவர் நடக்கக் கூடாது. டோலி கட்டித் தூக்க நான்கு பேர் வேண்டும், தோள் மாற்ற இன்னும் நான்கு பேர். பைக் போகும் பாதையென்றால் ஓட்டுபவருக்கும் பின்னால் அணைத்துப் பிடிப்பவருக்கும் நடுவில் உட்கார வைத்து இறக்கலாம். புறப்படும்போதே 108-க்குச் சொல்லி, வண்டி எந்த இடம் வரை வரும் என்று கேட்டு அங்கே போய்ச் சேருங்கள். வேலையில் சேரும் முதல் வாரத்திலேயே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "விஷமுறிவு மருந்து இருக்கிறதா, ராத்திரியில் போட ஆள் இருக்கிறாரா" என்று நேராகக் கேட்டு வையுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸும் சாலை இல்லாமல் பாதி வழியில் நிற்க, தாய் தூக்கிக்கொண்டு நடந்தார். செய்தியில் படித்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பாதை தெரியும். படித்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் ஊருக்குச் சாலை கேட்டால் 'காப்புக்காடு, அனுமதி இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். வேறு வழி உண்டா? (திருப்பத்தூரில் படிக்கும் மலையூர் மாணவர்)

உண்டு தம்பி. 2006-ம் வருட வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவை எடுத்துப் படி. பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை என்று 13 வகை ஊர்ப் பொது வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்க அதில் இடமிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். முடிவு மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே ஆகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுக்கொள். ஒரு ஹெக்டேர் பத்தாயிரம் சதுர மீட்டர். 3.75 மீட்டர் அகலத்தில் சாலை என்றால் இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். காட்டுக்குள் போகும் நீளம் அதற்குள் இருந்தால் இந்த வழி போதும். அதைத் தாண்டினால் 1980-ம் வருட வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும், அது நீண்ட கதை. அதனால் 'சாலை வேண்டும்' என்று பொதுவாக எழுதாதே. பாதையை நடந்து அளந்து, காட்டுக்குள் எத்தனை மீட்டர், அதில் எத்தனை மரம் என்று எழுதி, கிராம சபைத் தீர்மானத்தோடு கொடு. வாயால் கேட்டதை வாயாலேயே மறுத்துவிடலாம். அளவோடு எழுதிக் கொடுத்தால் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

நீ கேட்ட இன்னொன்று, மாவட்டம் பிரிந்த பிறகு பழங்குடி சாதிச் சான்று எப்படி வாங்குவது என்பது. பழங்குடிப் பட்டியலில் உங்கள் இனத்தின் பெயரான 'மலையாளி' என்பதற்கு எதிரே பழைய மாவட்டப் பெயர்கள்தான் இருக்கின்றன, அதில் வட ஆற்காடு உண்டு. திருப்பத்தூர் என்று தேடினால் கிடைக்காது. மாவட்டம் பிரிந்ததால் உரிமை போய்விடாது. அப்பா அல்லது அம்மாவின் சான்றை இணைத்து, உங்கள் ஊர் முன்பு வட ஆற்காட்டில் இருந்தது என்று ஒரு வரி எழுதிவிடு. சான்று தருவது தாசில்தார் அல்ல, கோட்ட அளவிலான வருவாய் அலுவலர்.

மலையாளி என்றால் கேரளாவிலிருந்து வந்தவர்களா? (ராணிப்பேட்டை)

இல்லை. மலையை ஆள்பவர், மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று அவர்களே கதை சொல்வார்கள்.

ஏலகிரி மாதிரி ஜவ்வாதிலும் கொஞ்சம் நிலம் வாங்கிப் போடலாமா? (சென்னையில் வசிக்கும் வேலூர்க்காரர்)

வேண்டாம். மேலே கணிசமான நிலம் காப்புக்காடு. மிச்சத்தில் பழங்குடியினருக்கு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலமும் இருக்கிறது, அதை வெளியார் வாங்கினால் பட்டாவே ரத்தாகலாம். அன்றைக்குச் செலவுக்கு இல்லாதவர் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிடுவார். அடுத்த வருடம் அதே கொல்லையில் கூலிக்கு நிற்பார். நான் பார்த்திருக்கிறேன்.

மலைக்காரர்கள் ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போய் மாட்டிக்கொள்கிறார்களே, தெரிந்தேதானே போகிறார்கள்? (குடியாத்தம் வாசகர்)

சிலர் தெரிந்து, சிலர் தெரியாமல். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸார் சுட்டு இருபது பேர் இறந்தார்கள், அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அந்த வருடம் இழவு விழுந்த வீடுகளுக்குப் போனவன் நான். இதைக் குற்றம் என்ற ஒரு சொல்லோடு முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

மலையில் வேலைக்கும் காசுக்கும் கணக்கு இருக்கிறது. சாமை, கொள்ளு எல்லாம் அறுத்து முடிந்த பிறகு அடுத்த உழவு வரை கொல்லையில் வேலை கிடையாது. புளியும் கடுக்காயும் கொஞ்சம் கைகொடுக்கும். (அந்தக் காலத்தில் நம் ஊர்த் தோல் ஷாப்புகளுக்குப் பதம் போடக் கடுக்காய் வேண்டியிருந்தது. ரசாயனப் பதம் வந்த பிறகு அந்தக் கிராக்கி போயிற்று.) அந்த மாதங்களில்தான் ஏஜெண்டு வருவார், காபித் தோட்டத்துக்கு, கட்டட வேலைக்கு, அல்லது 'மரம் இழுக்க'. எல்லாருமே முன்பணம் கொடுப்பார்கள். பெரிய முன்பணம் எதற்கு என்று கேட்கும் நிலையில் வாங்குபவர் இருப்பதில்லை. காபித் தோட்டத்துக்குப் போகிறவர்தான் இன்றைக்கும் அதிகம், அவரைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

எங்கள் துறையையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் ஆடியில் கொடுக்க வேண்டிய விதை ஆவணிக் கடைசியில்தான் மலைக்கு வந்தது. வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர், "இதை வறுத்துத் தின்னலாங்களா சார்?" என்று கேட்டார். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்த வருடம் அந்த ஊரிலிருந்து வெளியூர் போனவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை.

தேன் உறைந்துவிட்டது. கலப்படமா? (வாணியம்பாடி)

உறைவதால் மட்டும் கலப்படம் என்று சொல்ல முடியாது, நல்ல தேனும் உறையும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை வையுங்கள், இளகிவிடும். அடுப்பில் நேராக வைக்காதீர்கள்.

மலையில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறோம். என்ன வாங்கிப் போகலாம்? (வேலூர், சத்துவாச்சாரி)

பிஸ்கட்டும் பழமும் எல்லாரும் வாங்கிப் போகிறார்கள். நீங்கள் நல்ல கருவாடு வாங்கிப் போங்கள். மேலே கடல் சாமான் அபூர்வம், பத்து நாள் வைத்துக் குழம்பு வைப்பார்கள். டார்ச்சுக்கு இரண்டு செட் பேட்டரியும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது பலாப்பழம் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இறக்கத்தில் தூக்கிக்கொண்டு வருவது உங்கள் பாடு.