பெட்டியில் 5000 வாட்ஸ் என்று போட்டிருக்கும் மலிவு ஆம்ப்ளிஃபயரை நம்பி வாங்கலாமா?

அந்த 5000 பெரும்பாலும் பிஎம்பிஓ கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டுவதாகச் சொல்லப்படும் உச்சம்; அதை அளக்கப் பொதுவான விதியே இல்லை, அதனால் எதையும் அச்சடிக்கலாம். நூறு மீட்டர் ஓட்ட வேகத்தை மாரத்தானுக்கும் சொல்வது மாதிரி. நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து திணறாமல் தரும் சக்தி.

பின்பக்கம் 230 வோல்ட், 2 ஆம்பியர் ஃபியூஸ் என்றிருந்தால், தொடர்ந்து உள்ளே போவதே சுமார் 460 வாட்ஸ்தான். அப்புறம் 5000 எங்கிருந்து வரும்? எத்தனை ஓம்ஸில் (ஓம்ஸ் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு) அந்த வாட்ஸ் என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். 4 ஓம்ஸில் 300 வாட்ஸ் தருவது 8 ஓம்ஸில் அவ்வளவு தராது. வீட்டு ஹாலுக்குச் சேனலுக்கு, அதாவது ஒரு பக்க ஸ்பீக்கருக்கு, 50 வாட்ஸ் தாராளம்.

வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தமும் இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடுவது 3 டெசிபல் மட்டுமே, காதுக்கு அது கொஞ்சம்தான்.