குளியலறையில் நெளிந்தது புழுப்பாம்பு: மருந்தடிக்க வேண்டாம்

கேள்வி: தோட்டத்து லயத்தை விட்டு சுங்கை சிப்புட் தாமான் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மழைக்கு மறுநாள் குளியலறையில் ஒரு சாண்கூட இல்லாத கறுப்புப் புழு நெளிந்தது. ஆனால் நாக்கை நீட்டுகிறது. காதில் புகுந்துவிடும் என்கிறார் மாமியார். இதற்கு ஜோடி இருக்கும், வீட்டைச் சுற்றி மருந்தடிக்க 350 வெள்ளி என்கிறார் பூச்சி மருந்துக்காரர். கைக்குழந்தை இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த 350 வெள்ளியைக் கொடுக்காதீர்கள், அம்மா. வந்தது புழுப்பாம்பு. அதற்கு விஷமே இல்லை. குழந்தையின் விரலைக்கூடக் கவ்வ முடியாத சின்ன வாய். மண்ணுக்கடியில் எறும்பு, கறையான்களின் முட்டையையும் புழுவையும் தின்று வாழ்வது. காதில் அதற்கு வேலை இல்லை. கையில் எடுத்தால் வால் நுனியிலுள்ள முள்ளை அழுத்தும். அதைத்தான் ‘கொட்டிவிட்டது’ என்கிறார்கள்.

ஜோடி என்ற பேச்சே பொய். இந்த இனத்தில் எல்லாமே பெண். ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். கடையில் வாங்கிய பூந்தொட்டி மண்ணில் ஒன்று வந்தாலே போதும். கந்தகத் தூள், அந்துருண்டை, டீசல் எதுவும் பாம்பைத் தடுக்காது. குழந்தை தவழும் தரையில் விஷம் படிவதுதான் மிச்சம். வாசலுக்கு வருபவரிடம் பூச்சிக்கொல்லி வாரிய உரிமத்தைக் கேளுங்கள். உரிமம் இல்லாதவர் அப்போதே கிளம்பிவிடுவார்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் பவளப்பாம்பும் உண்டு. அது கொடிய விஷம். பென்சில் தடிமன்தான், அதுவும் இலைக்கும் மண்ணுக்கும் அடியில் கிடப்பது. அதனால் எதையும் கையால் தொடாதீர்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையை நுழைத்து, அட்டையை அழுத்திப் பிடித்தபடியே டப்பாவை நிமிர்த்தி, தூக்கிக் கீழிருந்து பாருங்கள். புழுப்பாம்பு முழுக்க ஒரே பளபளப்பு; வயிற்றில் பட்டை இராது; கண் இரண்டு மங்கிய புள்ளி; தலை எது வால் எது என்றே தெரியாது. வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டமோ, வாலடியில் சிவப்போ, முதுகில் நீளக் கோடோ இருந்தால் அது வேறு. சந்தேகம் இருந்தாலும் அப்படித்தான். டப்பாவைத் திறக்காமல் மேலே கல்லை வைத்துவிட்டு 999-க்கு அழையுங்கள். பொம்பா (தீயணைப்புப் படை) காசு வாங்காமல் பிடித்துப் போகும்.

புழுப்பாம்பு என்று உறுதியானால் வாழை மரத்தடி ஈர மண்ணில் விட்டுவிடுங்கள். உப்பு, கிளோராக்ஸ், வெந்நீர் வேண்டாம்.

மழையில் மண் ஊறினால் அது மேலே வரும். வழி கொடுப்பது தரை வடிகால்தான். சில புது வீடுகளில் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் பூசாமல், சல்லடையை வெறுமனே வைத்துவிட்டுச் சாவியைக் கொடுக்கிறார்கள். ஒப்படைக்கும்போது யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பாம்பின் உடம்பு ஈர்க்குச்சியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். சல்லடைக்கு அடியில் 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை வெட்டி வையுங்கள், சுற்றியுள்ள இடுக்கில் சிமெண்ட் அடையுங்கள். புழங்காத குளியலறை வடிகாலில் தண்ணீர் காய்ந்தால் வழி திறந்துவிடும். வாரம் ஒரு வாளி ஊற்றுங்கள். சுவரையொட்டிய பூந்தொட்டிகளையும் பழைய பலகைகளையும் நகர்த்துங்கள். பலகையில் கறையான் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.