மாராமரோஷ் யாருக்குச் சேர வேண்டும்?

கேள்வி: முதல் உலகப் போருக்குப் பிறகு ஹங்கேரியிடமிருந்து பறிக்கப்பட்ட மாராமரோஷ் மாவட்டம் நியாயப்படி ஹங்கேரிக்குத்தானே திரும்ப வேண்டும்? இப்போது ருமேனியா அதை வைத்துக்கொண்டிருப்பது சரியா? (வாசகர் ஒருவர், தேனி)

பதில்: முதலில் ஒரு திருத்தம். ருமேனியாவில் இன்று மாராமரோஷின் ருமேனிய வடிவமான மாரமுரேஷ் என்ற பெயரில் ஒரு மாவட்டம் இருப்பது உண்மைதான், ஆனால் அதன் தலைநகரான பயா மாரே பழைய மாராமரோஷில் இருந்ததே இல்லை, அது பக்கத்து சத்மார் மாவட்டத்து ஊர். பழைய மாவட்டத்தின் பரப்பில் பாதிக்கு மேல் இன்று உக்ரைனில் இருக்கிறது. கார்ப்பாத்திய மலைகளுக்கு நடுவே திசா ஆறு பிறந்து இறங்கி வரும் பள்ளத்தாக்குதான் அந்த மாவட்டம். 1920 ஜூன் 4-ல் கையெழுத்தான, போரில் தோற்ற ஹங்கேரியின் எல்லைகளை முடிவு செய்த த்ரியானோன் ஒப்பந்தம் அந்த ஆற்றையே எல்லையாக்கி, வடகரையைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் தென்கரையை ருமேனியாவுக்கும் கொடுத்தது.

சரி, 'பறிக்கப்பட்ட' என்கிறீர்கள். யாரிடமிருந்து? 1910-ல் ஹங்கேரி அரசே எடுத்த கணக்கெடுப்பைப் பாருங்கள். தாய்மொழிவாரியாக அந்த மாவட்டத்தில் ருத்தேனியர் (உக்ரைனியருக்கு நெருங்கிய ஸ்லாவ் மக்கள்) ஏறக்குறைய 45 சதவீதம், ருமேனியர் 24, ஜெர்மன் பேசுவோர் 17, ஹங்கேரிய மொழி பேசுவோர் 15. அதிலும் அந்த 'ஜெர்மன்' கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்திஷ் (ஜெர்மனுக்கு நெருங்கிய ஒரு மொழி) பேசிய யூதர்களுக்கு அந்தப் படிவத்தில் தனிக் கட்டம் கிடையாது, அதனால் அவர்களில் பெரும்பாலோரை ஜெர்மன் என்றே எழுதிவிட்டார்கள். அந்த மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் யூதர்.

அதற்காகப் புதிய எல்லைக்கோடு நியாயமானது என்று நான் சொல்லவில்லை. மலை மேலே யாசினியாவில் ஹுத்சுல் என்னும் மலைவாழ் ருத்தேனிய மக்கள் 1919 ஜனவரியில் தாங்களே ஒரு குடியரசை அறிவித்தார்கள், ஜூனில் ருமேனியப் படை வந்து அதை முடித்து வைத்தது. மாவட்டத் தலைநகர் சிகெத் தென்கரையில், அதன் உப்புச் சுரங்க ஊரான சோலோத்வினோ எதிர்க்கரையில், இடையில் சர்வதேச எல்லை. ரயில் பாதையோ ஹங்கேரி காலத்தில் இரு கரையும் மாறி மாறிப் போட்டது, அதனால் யாசினியாவிலிருந்து ஹுஸ்துக்குப் போகும் செக்கோஸ்லோவாக்கிய ரயில் நடுவில் ருமேனிய மண்ணைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. 1910-ல் வடகரையில் தியாச்சிவ் என்ற ஊரில் பிறந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். பத்து வயதில் செக்கோஸ்லோவாக்கியர், 1939-ல் திரும்ப ஹங்கேரியர், 35 வயதில் சோவியத் பிரஜை, உயிரோடு இருந்திருந்தால் 81 வயதில் உக்ரைனியர். வீட்டு வாசல் மட்டும் அதே வாசல். இதில் எந்த ஒரு மாற்றத்துக்காவது அவரிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?

இப்போது உங்கள் 'திரும்ப வேண்டும்' என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அது ஒருமுறை நடந்திருக்கிறது. 1940 ஆகஸ்ட் 30-ல் ஹிட்லரின் ஜெர்மனியும் முசோலினியின் இத்தாலியும் பஞ்சாயத்து செய்த வியன்னா தீர்ப்பில் சிகெத் ஹங்கேரிக்கே திரும்பியது. அப்போது அந்த ஊரில் மூன்றில் ஒருவருக்கு மேல் யூதர், தலைமுறை தலைமுறையாக ஹங்கேரிய ஆட்சியில் வாழ்ந்த குடும்பங்கள். நான்கு வருடம் கூட முழுதாகக் கழியவில்லை. 1944 மார்ச்சில் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது, மே மாதம் ஹங்கேரிய ஜெண்டார்ம் போலீசாரே சிகெத் யூதர்களைச் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, சில நாட்களுக்குள். அவர்களில் ஒருவன் பதினைந்து வயது எலி வீசல், பின்னாளில் 1986-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர். அவருடைய அம்மாவும் கடைசித் தங்கையும் திரும்பவில்லை. மண் வேண்டும் என்று இருபது வருடம் துடித்த ஒரு அரசு, அது கைக்கு வந்ததும் அந்த மண்ணின் மக்களுக்குச் செய்தது இது. அதனால்தான் 'யாருக்குச் சேர வேண்டும்' என்று யாராவது கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மேல் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை.

அப்புறம் ருமேனியாவைப் பற்றியும் கேட்டீர்கள். போருக்குப் பின் சிகெத் மறுபடி ருமேனியாவிடம் போனது, அந்த ஆட்சியும் அதைச் சும்மா விடவில்லை. கம்யூனிஸ்டுகள் அங்கிருந்த சிறையில் பழைய அமைச்சர்களையும் பிஷப்புகளையும் அடைத்தார்கள், முன்னாள் பிரதமர் யூலியு மானியு 1953-ல் அதற்குள்ளேயே இறந்தார். இன்று அந்தக் கட்டடம் நினைவு அருங்காட்சியகம்.

சிகெத்துக்கும் எதிர்க்கரை சோலோத்வினோவுக்கும் நடுவில் இருந்த பாலம் இரண்டாம் உலகப் போரில் தகர்ந்தது. அதன்பின் அறுபது வருடத்துக்கு மேல் இந்தக் கரை மக்கள் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், 2007-ல்தான் அங்கே புது மரப்பாலம் திறந்தது. 2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் நடந்து வந்தார்கள். அப்போது சிகெத் பக்கத்தார் பாலத்தின் கைப்பிடி ஓரமாக வரிசையாகப் பொம்மைகளை வைத்திருந்தார்கள், கடந்து வரும் குழந்தைகள் எடுத்துக்கொள்ளட்டும் என்று.